மைக்ரோவேவும் மிஞ்சிய சோறும்



வேலை முடிந்து இருட்டிய பின் வீடு திரும்பும் எங்களிற் பலருக்கு மைக்ரோவேவ்தான் அடுப்பு. ஆழமான பாத்திரமென்றால் சாம்பாருக்குப் பருப்பு அதிலேயே அவியும். அப்பளம் எண்ணெயின்றி ஒரு நிமிடத்திற் பொரியும். கடுகு தாளிக்க மட்டும் தாச்சி வேண்டும். உணவில் கதிர்வீச்சு தங்குமென்று அம்மாமார் பயப்படுவார்கள், தங்காது.

வைத்தியர்களாகிய நாங்கள் பயப்படுவது இரவிரவாக மேசையில் இருந்த சோற்றுக்குத்தான். அவித்தாலும் சாகாத பசிலஸ் சீரியஸ் வித்திகள் அதில் முளைத்து நஞ்சு சுரக்கலாம். அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. வாந்தியில் கொண்டுபோய் விடும். மிஞ்சிய சோற்றை ஒரு மணித்தியாலத்துக்குள் பரத்தி ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாளே, இடையிற் கிளறி, ஆவி பறக்கச் சூடாக்கி முடித்துவிடுங்கள். விடுதியில் தனியே சமைக்கும் பிள்ளைகளுக்கும் இன்றிரவே சொல்லுங்கள்.