ஒண்ணு கூட்டுடா!
(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரை)



'சி' மொழி லேப்பில் நம் சார் தினமும் ஒன்று சொல்வார்: "எழுத்தை எண்ணிட்டு ஒண்ணு கூட்டுடா!" அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன்.

சி மொழியில் ஒரு ஸ்டிரிங் முடியும் இடத்தில் பூஜ்யம் ஒன்று நிற்கும். நீளத்தை எண்ணும் 'ஸ்ட்ர்லென்' அதைக் கணக்கில் சேர்க்காது. நகலெடுக்கும் 'ஸ்ட்ர்காப்பி' அதையும் சேர்த்தே எழுதும். இடம் போதுமா என்று பார்க்காது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், பால் சொசைட்டிக் கருவி ஒன்றுக்கு புரோகிராம் எழுதினேன். பெயருக்கு 16 பைட்; அதை ஒட்டியே தொகைக்கு 4 பைட். ரவி, குமார் என்று போட்டுப் பார்த்தேன். ஜோராக ஓடியது.

'திருநாவுக்கரசு' என்பதை ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பாருங்கள். 16 எழுத்து வரும். அந்த நீளப் பெயர்க்காரர் ஒரு பெரியவர். அவருக்கு வர வேண்டியது 300 ரூபாய். ரசீதில் வந்தது 256. நினைவகத்தில் 300 என்பது 256-உம் 44-உமாகத் தனித்தனி பைட்டில் இருக்கும். பதினேழாவதாக விழுந்த பூஜ்யம் அந்த 44-ஐ அழித்துவிட்டது!

அவசரமாக 'ஸ்ட்ர்என்காப்பி'க்கு மாறி, அளவு 16 என்று கொடுத்தேன். தொகை சரியானது. ஆனால் பெயருக்குப் பின்னால் ஒரு கமா! 16 எழுத்தும் நிரம்பிவிட்டால் அது முடிவுப் பூஜ்யத்தை வைக்காது. அச்சிடும்போது பெயரைத் தாண்டி தொகைக்குள் போய்விட்டது. ஆஸ்கியில் 44 என்றால் கமா. கடைசியில் பெயருக்கு 32 பைட் ஒதுக்கி, நீளத்தை அளந்த பிறகே நகலெடுக்கும்படி மாற்றினேன்.

பெரியவரை நேரில் பார்க்கப் போனேன். "மெஷின் தப்பு பண்ணுமா தம்பி?" என்றார். "மெஷின் இல்லைங்க ஐயா, நான் பண்ணினது" என்றேன். பாக்கித் தொகை அவருக்குக் கிடைத்தது. என் வெட்கம் மட்டும் தீரவில்லை.

1988-இல் மாரிஸ் வோர்ம் பரவிய வழிகளில் ஒன்று, அளவு பார்க்காமல் வாசிக்கும் 'கெட்ஸ்'. 2011-இல் வந்த சி தரநிலையில் அதை நீக்கியே விட்டார்கள். 'ஸ்ட்ர்காப்பி' இன்றும் இருக்கிறது. அளப்பது நம் பொறுப்பு.

சார் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். சார், இப்பல்லாம் மறக்காம ஒண்ணு கூட்டிடுறேன்!