எபிசோட் 37: அட்டையில் இல்லாத அண்ணன்

இந்த எபிசோட் நான் பிளான் பண்ணினது இல்லை. பொங்கலுக்கு ராஜபாளையம் போயிருந்தேன். அம்மாச்சியோட டிரங்குப் பெட்டியில பாஸ்போர்ட்டுக்கு ஏதாவது பேப்பர் கிடைக்குமான்னு தேடிக்கிட்டிருந்தப்போ, மஞ்சள் துணியில சுத்தி ஒரு சேலை கிடைச்சது. மடிப்புக் கலையாத புதுச் சேலை. யாரோடதுன்னு கேட்டேன். "உங்கம்மாவுக்கு அவ மாமன் போட்ட சீரு"ன்னாங்க. அம்மாவோட தாய்மாமனை நான் நேர்ல பார்த்தது கிடையாது. அவர் இருக்கிறது ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல.

கதை கொஞ்சம் முன்னாடியே தொடங்குது. எங்க தாத்தாவோட முன்னோர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கிராமத்துக்காரங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேரு, கொஞ்சம் மானாவாரி நிலம். அண்ணன் கங்காணியோட இலங்கைக்குப் போனார், தம்பி நிலத்தைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டார். கங்காணின்னா வெள்ளைக்காரத் துரைக்காக ஆள் சேர்த்துக் கொடுக்கிறவர். பெரும்பாலும் தன் ஊர்க்காரங்களையும் சொந்தக்காரங்களையும்தான் கூட்டிட்டுப் போவார். போற செலவே கடனா தலையில ஏறும். அதனால குடும்பமே சேர்ந்து போறதும் உண்டு, ஒருத்தர் போய் மத்தவங்களைக் கூப்பிட்டுக்கிறதும் உண்டு. அங்க மலையில துரைக்கு பங்களா, இவங்களுக்கு லயம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில ஒரு குடும்பம். மூணு தலைமுறை அப்படியே ஓடிடுச்சு.

1948-ல இலங்கை சுதந்திரம் வாங்கின அதே வருஷம் வந்த குடியுரிமைச் சட்டம் இவங்கள்ல பெரும்பாலானவங்களை எந்த நாட்டுக்காரங்களும் இல்லைன்னு ஆக்கிடுச்சு. 1964 அக்டோபர் 30, சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர்னு கணக்கு. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். அப்புறம்னா 1974. அப்போ ஆளுக்குப் பாதின்னு 75,000, 75,000 ஆகப் பிரிச்சுக்கிட்டாங்க. இந்தப் பேச்சுவார்த்தையில அந்த மக்களை யாரும் கேட்கலை.

இதுல ஒரு விகிதம் இருக்கு. 7-க்கு 4. ஏழு பேர் இந்தியாவுக்குப் போனா, நாலு பேருக்கு இலங்கைக் குடியுரிமை. நான் வேலையில தினமும் இந்த மாதிரி கண்டிஷன் எழுதுறவன். இது நடந்தாத்தான் அது நடக்கும்னு. ஆனா இந்தக் கண்டிஷனுக்குள்ள எங்க அம்மாச்சி இருக்காங்கன்னு புரிஞ்சப்போ லேப்டாப்பை மூடி வச்சுட்டேன்.

ஏன்னா அம்மாச்சி அந்த ஏழுல ஒருத்தர். அவங்க அண்ணன் அந்த நாலுல ஒருத்தர்.

விண்ணப்பம் குடும்பம் குடும்பமாத்தான். குடும்பம்னா புருஷன், பொண்டாட்டி, சின்னப் பிள்ளைங்க. கல்யாணம் ஆன பொண்ணு புருஷனோட அட்டையில வந்துடுவா. கூடப்பிறந்தவனுக்கு அதுல இடமே கிடையாது. தாத்தா இந்தியான்னு எழுதினார். அண்ணன், பொறந்த மண்ணை விட்டு எங்க போறதுன்னு இலங்கைன்னு எழுதினார். அப்படி நினைச்சவங்கதான் அதிகம். இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பிச்சவங்க ஒதுக்கின இடத்தைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல. இந்தியாவுக்கு அந்த அளவுக்கு ஆளே சேரலை. அண்ணனோட பேர் வரிசையில நின்னுச்சு. தங்கச்சி கப்பல் ஏறினா அந்த வரிசை கொஞ்சம் நகரும்.

1973, 74-ல தோட்டங்கள்ல பட்டினி. ரேஷன் குறைஞ்சு, வேலை நாளும் குறைஞ்சு, தாத்தா முடிவு பண்ணிட்டார். 74-ல கிளம்பினாங்க. மலையிலேர்ந்து தலைமன்னாருக்குப் போற அந்த ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி'ன்னே பேரு. ஸ்டேஷன்ல அண்ணன் அழலையாம். "கோழியை நான் பார்த்துக்கறேன், போ"ன்னு மட்டும் சொன்னாராம். அங்கேர்ந்து கப்பல்ல ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம். அம்மாவுக்கு அப்போ ஆறு வயசு. அம்மா பொறந்தது 1968. அதாவது அந்த 5,25,000 கணக்குலயே வராதவங்க. ஒப்பந்தத்துக்கு அப்புறம் பொறந்த பிள்ளைங்களை எண்ணிக்கையில சேர்க்காம அப்பா அம்மாவோட அனுப்பினாங்க.

நிறைய பேரை நீலகிரி தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பினாங்க. தாத்தா சொந்த ஊர்தான் வேணும்னார். ஆனா ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வந்து இறங்கினப்போ அங்கிருந்த பங்காளிங்க முகமே மாறிடுச்சாம். தம்பி வம்சம் நிலத்துல உட்கார்ந்திருக்கு, அண்ணன் வம்சம் மூணு தலைமுறை கழிச்சு வாசல்ல நிக்குது. பங்கு கேட்டுடுவாங்களோன்னு பயம். ஒரு வாரம் சோறு போட்டாங்க. அப்புறம் ஜாடையா சொல்லிட்டாங்க. அவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவங்களுக்கும் இருந்தது அந்த ரெண்டு ஏக்கர்தான்.

அப்புறம் ராஜபாளையம். சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி நெய்யிற தறியில அம்மாச்சிக்கு வேலை. தெருவுல 'சிலோன்காரங்க'ன்னு பேரு. மேற்கே மலையைப் பார்த்தா மழை நாள்ல அப்படியே தோட்டம் மாதிரி இருக்கும்னு இப்பவும் சொல்வாங்க. எனக்கு அது வெறும் ஐயனார் கோவில் மலை.

1981-ல அம்மா பெரிய மனுஷி ஆனாங்க. தாய்மாமன் சீர் இல்லாம எங்க ஊர்ல சடங்கு கிடையாது. அண்ணனுக்குக் கடிதம் போட்டாங்க. வரலை. எப்படி வருவார், பாஸ்போர்ட்டுக்கும் பயணத்துக்கும் காசு வேணுமே. கடைசியில அம்மாச்சியோட அதே கப்பல்ல வந்த ஒரு மில் தொழிலாளி தட்டு எடுத்துட்டு வந்து நின்னார். சாதி வேற, தோட்டம் வேற. "கப்பல்ல ஒண்ணா வந்தோம்ல, நான் அண்ணன் இல்லையா"ன்னு கேட்டாராம். எங்க தெருவுல அவரைக் கப்பல் மாமான்னுதான் கூப்பிடுவோம். அண்ணன் ஊரோட விட்டுட்டு வந்த எத்தனையோ பொம்பளைங்களுக்கு அவர்தான் சீர் செஞ்சார். எனக்குக் காது குத்தினப்போ எங்க சொந்த மாமா மடியில உட்கார வச்சாங்க, பக்கத்துல அவரையும் உட்கார வச்சாங்க.

நிஜ மாமனோட சேலை மூணு மாசம் கழிச்சு வந்துச்சு. அடுத்த கப்பல்ல வந்த ஒரு குடும்பத்துக்கிட்ட கொடுத்து விட்டிருக்கார், கூடவே அரை கிலோ தேயிலை. தேயிலை தீர்ந்துடுச்சு. சடங்கு முடிஞ்சப்புறம் சீர்ச் சேலையைக் கட்டக்கூடாதுன்னு யாரோ சொல்ல, அப்படியே பெட்டிக்குள்ள போயிடுச்சு.

1983 கலவரத்துக்கு அப்புறம் கடிதம் நின்னுச்சு, கொஞ்ச நாள்ல ராமேஸ்வரம் கப்பலும் நின்னுச்சு. பல வருஷம் உயிரோட இருக்காரான்னே தெரியாது. 2022-ல இலங்கையில நெருக்கடி வந்தப்போ தமிழ்நாடு அரசு அரிசியும் பால்பவுடரும் கப்பல்ல அனுப்பிச்சுல்ல, டிவியில அந்த மூட்டைகளைப் பார்த்துட்டு அம்மாச்சி என்கிட்ட கேட்டாங்க: "அது எங்க அண்ணன் தோட்டத்துக்கும் போகுமாப்பா?" அன்னைக்குத்தான் தேட ஆரம்பிச்சேன். தோட்டத்துப் பேரை வச்சு ஃபேஸ்புக்ல தேடி, அங்க இருக்கிற ஒரு பையன் மூலமா அவரோட பேரன் கிடைச்சான். கொழும்புல கடையில வேலை.

வீடியோ காலுக்கு ஏற்பாடு பண்ணினோம். நாப்பத்தெட்டு வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் பார்க்கிறாங்க. நானும் அம்மாவும் கண்ணைத் துடைக்கத் தயாரா நிக்கிறோம். அவர் எடுத்தவுடனே, "உன் பித்தளை அண்டா இன்னும் இருக்கு, எப்ப வந்து எடுத்துக்கப் போற?"ன்னார். அம்மாச்சி, "அது என்னுது இல்ல, மதினியோடது"ன்னாங்க. இல்லை உன்னோடதுதான், இல்லை அவங்களோடதுதான்னு கால் மணி நேரம் சண்டை. மதினி செத்துப் போய் ஒன்பது வருஷம் ஆச்சுங்கிறதை அதுக்கப்புறம்தான் சொன்னார்.

இப்போ அண்ணனுக்கு எண்பத்து மூணு வயசு. அம்மாச்சி பாஸ்போர்ட்டுக்காக அலையறேன். பிறந்த இடம் இலங்கை, கையில இருந்த குடும்ப அட்டை கரையான் அரிச்சுப் பாதிதான் மிச்சம். மூணு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. நாகப்பட்டினத்துலேர்ந்து காங்கேசன்துறைக்கு 2023-ல திரும்பக் கப்பல் விட்டாங்க. அம்மாச்சிக்குக் கப்பல் வேண்டாமாம், விமானத்துலதான் போவாங்களாம். சேலையைக் கொண்டு போறாங்களான்னு கேட்டேன். "அதை எதுக்கு? அண்டாவைத் திருப்பி எடுத்துட்டு வர பெரிய பை எடு"ன்னாங்க.