கருச்சிதைவும் இரத்த உறைவும்
(வெள்ளி விழாச் சொற்பொழிவு)

 

தாம்பரத்தில் 1928-ஆம் ஆண்டு காசநோய் மருத்துவமனை எழுந்தபோது, அந்நோயை முன்வினைப் பயன் என்றோர் பலர். மருந்து கைவந்தபின் அப்பேச்சு தேய்ந்தது. இன்றும் அத்தகைய பழியைச் சுமப்பவள், கரு மீண்டும் மீண்டும் சிதையும் பெண். அவளை "ராசியில்லாதவள்" என்கிறோம். அத்தகையோருள் சிலர்க்குக் காரணம் இரத்தத்தில் உள்ளது.

நோய்க்கிருமிகளை எதிர்க்க உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. சிலரிடம் அவை சொந்த உடலையே பகைக்கின்றன. உயிரணு உறையிலுள்ள பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பையும், அதனோடு சேர்ந்த புரதத்தையும் பற்றிக்கொள்கின்றன. அதனால் இரத்தக் குழாயின் உட்சுவரும் தட்டணுக்களும் தூண்டப்பட்டு, காயமின்றியே இரத்தம் உறைகிறது. காலில் உறைந்தால் வீக்கம். நுரையீரலை அடைந்தால் மூச்சுத்திணறல். மூளையில் அடைத்தால் இளமையிலேயே பக்கவாதம். நஞ்சுக்கொடியைத் தாக்கினால் கருவிழப்பு. இலண்டன் மருத்துவர் கிரகாம் ஹியூஸ் 1983-இல் இவற்றை ஒரே நோயாகத் தொகுத்துரைத்தார்.

இன்னொரு கொடுமையும் உண்டு. கருவுற்றோர்க்குச் செய்யும் வி.டி.ஆர்.எல். சோதனையில், மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த கார்டியோலிப்பின் என்னும் பாஸ்போலிப்பிட் பயன்படுகிறது. ஆகவே இவ்வெதிர்ப்பொருள் உள்ளவளுக்கு, மேகநோய் இல்லாமலே இருப்பதாக முடிவு வரலாம். அத்தாளைக் காட்டி அவள் ஒழுக்கத்தை ஐயுறுவது அறியாமை. மேகநோய்க் கிருமிக்கே உரிய மறுசோதனை செய்தல் வேண்டும்.

தொடர்ந்து மூன்று முறை கரு சிதைந்தோரும், பத்து வாரங்களுக்குப் பின் காரணம் விளங்காமல் ஒருமுறையேனும் கருவை இழந்தோரும் மருத்துவரிடம் இச்சோதனையைக் கேட்க வேண்டும். 12 வார இடைவெளியில் இருமுறை செய்தே நோய் உறுதிசெய்யப்படும். தாம்பரத்தில் மின்தொடர் ஏறிப் பார்க் நிலையத்தில் இறங்கினால், அருகிலுள்ள அரசுப் பொது மருத்துவமனையில் இத்தகைய நோய்களுக்கான மூட்டுவாத நோய்ப் பிரிவு உண்டு. கருவுற்ற காலத்தில் சிற்றளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் மருத்துவர் மேற்பார்வையில் பெற்று, பலர் நலமே மகவு ஈன்றுள்ளனர். தாமாக மருந்து வாங்கி உண்ணலாகாது.

தோழர்களே! இரத்தத்திலும் உயர்வு தாழ்வு கற்பித்த நாடு இது. எதிர்ப்பொருள் சாதி அறியாது. ஆனால் சோதனையும் மருந்தும் எல்லார்க்கும் ஒருங்கே எட்டுவதில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகத்தில் எழுத்தறிந்த பிள்ளைகள், அடுத்த வீட்டுச் சகோதரியின் மருத்துவச் சீட்டைப் படித்துச் சொல்லி, அவளோடு மருத்துவமனைக்குத் துணை செல்லட்டும். கற்ற கல்விக்கு அதுவே பயன்.