ஏட்டில் ஏறாத பெயர்கள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆடலும் பாடலும் நாடகமும் நிறைந்த விழாவிலே மருத்துவ ஆராய்ச்சி பற்றிப் பேசுவது, விருந்திலே கஷாயம் பரிமாறுவது போலாகும் என்று நண்பர் ஒருவர் எச்சரித்தார். கஷாயம் வேண்டும் பொழுதும் உண்டன்றோ! வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொடியை நீரிற் கரைத்துக் கொடுக்காத வீடு நம் குடியிருப்பிலே உண்டா? அப்பொடியின் வரலாற்றில் ஒரு பெரும் பகுதி, நாம் பிழைக்க வந்து வேரூன்றிவிட்ட இக்கொல்கத்தா நகரின் வரலாறேயாகும்.

1884-இல் ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் கோக் இந்நகரில் தங்கிக் காலராக் கிருமியை ஆராய்ந்தார். அக்கிருமி ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கின்றது என்று அவர் கருதினார். அதனை மெய்ப்பித்துக் காட்ட எழுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. காட்டியவர் இந்நகர் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சம்புநாத் டே. முயலின் குடலில் ஒரு துண்டை இருபுறமும் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்திப் பார்க்கும் முறையை அவர் 1953-இல் வெளியிட்டார். 1959-இல், கிருமியை அறவே வடிகட்டி நீக்கிய நீரைச் செலுத்தினும் குடலில் நீர் பெருகுவதைக் காட்டினார். இலண்டன் நகரத்து 'நேச்சர்' இதழ் அதனை வெளியிட்டது. ஆயினும் பல்லாண்டுகள் அக்கட்டுரையைப் பொருட்படுத்தியோர் சிலரே. 1978-இல் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த நோபல் கருத்தரங்குக்கு அவரை அழைத்தனர். நம் நாட்டு அறிவியற் கழகங்களோ, 1985-இல் அவர் மறையும் வரையில் தம் உறுப்பினராகவும் அவரைத் தெரிந்தெடுக்கவில்லை. வெள்ளையரை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிவிட இயலாது.

அதே 1953-இல் இந்நகர மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை வாய்வழியே கொடுத்துக் காலரா நோயாளர் பலரைத் தேற்றியதை 'லான்செட்' இதழில் எழுதினார். அவருடைய ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை. அஃது ஒரு குறையே, மறுப்பதற்கில்லை. ஆனால் குறை கண்டோர் தாமே செய்து பார்த்திருக்கலாமே! 1968-இல் டாக்காவில் அமெரிக்க மருத்துவர்களும் அந்நாட்டு மருத்துவர்களும் கூடி முறையாகச் சோதித்துக் காட்டிய பின்னரே உலகம் செவி சாய்க்கத் தொடங்கிற்று. 1971-இல், வங்க அகதிகள் வந்து குவிந்த பன்கான் முகாமிலே, ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இக்கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி வைத்து, நோயாளரின் உறவினரையே கொடுக்கச் செய்தார். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த சாவு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. 1953-க்கும் 1968-க்கும் இடையே பதினைந்து ஆண்டுகள். அப்பதினைந்து ஆண்டுகளில் நாவறண்டு மாண்ட குழந்தைகளின் கணக்கை எந்த இதழ் வெளியிடும்?

அச்சேறுவது வேறு, ஏற்கப்படுவது வேறு என்பதே நாம் சொல்ல வந்தது. பெரிய மருத்துவ இதழ்கள் இலண்டனிலும் பாஸ்டனிலும் சிகாகோவிலும் இருந்து வெளிவருகின்றன. கட்டுரையை மதிப்பிடுவோரிற் பெரும்பாலோர் அந்நாட்டினர், மொழி ஆங்கிலம். கட்டுரையின் தலைப்பில் உள்ள ஊரின் பெயரும் தன் பங்குக்கு ஏதோ பேசிவிடுகின்றது. முன்னெல்லாம் இதழைப் படிப்போர் பணம் கொடுத்தனர். எல்லோரும் இலவசமாகப் படிக்கட்டும் என்ற நல்லெண்ணத்திலே எழுந்த புதிய முறையில், எழுதுவோர் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. 'நேச்சர்' இதழ் இவ்வகைக்கு 2020-இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. நம் பணத்தில் எட்டு இலட்சம் ரூபாய்க்கு மேல். வறிய நாடுகள் சிலவற்றுக்குச் சலுகை உண்டு. இந்திய அரசு 2024-இல் 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, அரசுக் கல்வி நிலையங்கள் ஏறத்தாழ 13,000 இதழ்களைப் படிக்க வழி செய்தது. வரவேற்க வேண்டியதே, ஆயினும் அது முதன்மையாகப் படிப்போருக்கான ஏற்பாடு.

ஊரால் வரும் தாழ்வு இதுவென்றால், பெண்ணாய்ப் பிறந்ததால் வரும் தாழ்வு மற்றொன்று. அதனை அறிய, கட்டுரைகளிற் பெயர் வரிசை எப்படி அமைகின்றது என்று தெரிய வேண்டும். திருமணப் பத்திரிகையில் எவர் பெயர் முன், எவர் பெயர் பின் என்று நம் வீடுகளில் மூளும் பிணக்கை அறியாதார் யார்? ஆராய்ச்சியாளர் உலகிலும் அதுவேதான். வேலையைச் செய்தவர் பெயர் முதலில்; தலைமை தாங்கியவர் பெயர் இறுதியில்; இடையில் உள்ளவர்கள் பந்திக்கு வந்தவர்கள். அமெரிக்காவின் புகழ்மிக்க ஆறு மருத்துவ இதழ்களில் அந்நாட்டு மருத்துவர் எழுதிய கட்டுரைகளை எண்ணிப் பார்த்தனர். முதற்பெயர் பெண்ணின் பெயராய் இருந்தது 1970-இல் நூற்றுக்கு ஆறு. 2004-இல் நூற்றுக்கு 29. இறுதிப் பெயரோ நூற்றுக்கு நான்கிலிருந்து 19 வரையே ஏறிற்று. செல்வமிக்க நாட்டின் கதியே இது. பெயர் ஒரு வீண்பெருமை என்று ஒதுக்க வேண்டா. அடுத்த பதவியும் அடுத்த ஆய்வுக்குரிய பொருளும் அப்பெயரைப் பார்த்தே வருகின்றன.

சீனத்துப் பெண்மணி தூ யூயூ 1971-இல் ஒரு மூலிகையிலிருந்து மலேரியாவைத் தீர்க்கும் சாற்றைப் பிரித்தெடுத்தார். 1977-இல் சீன மொழியில் வெளிவந்த கட்டுரையில் தனியொருவர் பெயரும் இல்லை. குழுவின் பெயரே இருந்தது. அந்நாளைய அரசியல் வழக்கம் அது. ஆண்களின் பெயரும் இல்லைதான். ஆயினும் எவர் கண்டறிந்தார் என்பதை வெளியுலகம் அறிய நெடுங்காலம் ஆயிற்று. நோபல் பரிசு 2015-இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 84.

இனி நம் சென்னைக்கு வருவோம். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்புப் படித்த செல்லப்பன் நிர்மலா, தம் ஆசிரியை டாக்டர் சுனிதி சாலமன் தூண்டுதலால், இந்நாட்டில் எய்ட்ஸ் கிருமி உண்டா என்று ஆராய முற்பட்டார். அங்கெல்லாம் அந்நோய் இராது என்று பெரியோர் பலர் நம்பிய காலம். கையுறையும் இன்றிப் பாலியல் தொழிலில் சிக்கிய பெண்களிடம் குருதி சேகரித்தார். தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்தார். இரவு இரயிலில் வேலூருக்குக் கொண்டு சென்றார். கணவர் உடன் நின்று உதவினார். எதற்காகக் குருதி எடுக்கின்றனர் என்று அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை; இன்றைய நெறிக்கு அஃது ஒவ்வாது. ஆறு பேரிடம் கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியா விழித்துக்கொண்டது அன்றுதான்.

1987-இல் 'இந்திய மருத்துவ ஆய்விதழில்' வந்த கட்டுரையில் ஏழு பெயர்கள் உள்ளன. நிர்மலாவின் பெயர் நான்காவது. சாலமன் பெயர் ஐந்தாவது. இறுதியில் ஓர் அமெரிக்க அறிஞர். ஆய்வுக்கூடத்தில் உழைத்தவர்களின் பங்கு சிறிதன்று. அவர்களைப் பழிப்பது நம் நோக்கமும் அன்று. நம் குடியிருப்பிலிருந்து மருத்துவம் படிக்கச் சென்றுள்ள பெண்கள் விடுமுறைக்கு வரும்போது, மதிப்பெண்ணை மட்டும் கேளாமல், "உன் ஆய்வேட்டைக் கட்டுரையாக எழுதினாயா? அதில் உன் பெயர் எத்தனையாவது, அம்மா?" என்றும் பெற்றோர் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதனைச் சொன்னோம்.

சுனிதி சாலமன் பின்னர் எய்ட்ஸ் நோயாளருக்கெனத் தனி மருத்துவ நிலையமே கண்டு புகழ்பெற்றார், 2015-இல் மறைந்தார். நிர்மலா 1987-இல் தம் ஆய்வேட்டை ஒப்படைத்துத் தேர்வு எழுதினார். பின்பு கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்திற் பணியேற்று, 2010-இல் ஓய்வு பெற்றார். 2016-இல் பி.பி.சி. செய்தியாளர் தேடிச் சென்று அவர் கதையை எழுதிய பின்னரே, தமிழ்நாட்டாரிலும் பலருக்கு அவர் பெயர் தெரியவந்தது.