அலுவலகக் கடிதங்களில் முகக்குறிகள்
(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கடிதம் எழுதுவது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நமக்கு இது சிறிய பொருளன்று. 1890-களில் இரட்டைமலை சீனிவாசன் இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு அனுப்பிய விண்ணப்பத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நம் மக்கள் ஒப்பமிட்டனர். எழுத்தே நம் முதற் கருவி. இன்று மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் அக்கருவியாகிவிட்டன. அவற்றோடு சிரிக்கும் முகமும், உயர்த்திய கட்டைவிரலும், வரிசை வரிசையாக வியப்புக்குறிகளும் அலுவலகத்திற்குள் நுழைந்துள்ளன.

இவற்றை இகழ வேண்டியதில்லை. 1982 செப்டம்பர் 19-ஆம் நாள், அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகக் கணினி அறிஞர் ஸ்காட் ஃபால்மன், முக்காற்புள்ளி, சிறுகோடு, பிறை அடைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துச் சிரிக்கும் முகமாக்கினார். வேடிக்கையாக எழுதியதைப் பிறர் மெய்யென்று கொண்டு குழம்பியதே காரணம். எழுத்துக்குக் குரல் இல்லை. அக்குறையை நிரப்ப வந்தவை இவை. நம் ஓலைச்சுவடிகளில் காற்புள்ளியும் கேள்விக்குறியும் இருந்தனவா? அவையும் அச்சோடு வந்து நிலைத்தவையே.

ஆயினும் இடமறிந்து இடுதல் வேண்டும். அறிமுகமில்லாதவருக்கு எழுதும் அலுவலக மின்னஞ்சலில் இடும் சிரிப்புக்குறி, எழுதியவரின் கனிவை உயர்த்துவதில்லை. அவரது திறமையைப் பற்றிய மதிப்பையே குறைக்கிறது என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

குறி விளையாட்டன்று என்பதற்குக் கனடா நாட்டு வழக்கொன்று சான்று. 2021-இல் சஸ்காட்சுவான் மாநில விவசாயி ஒருவருக்கு, ஆளிவிதை வாங்கும் நிறுவனம் ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பி, உறுதி செய்யுமாறு கேட்டது. அவர் கட்டைவிரல் குறியொன்றை மட்டும் அனுப்பினார், விதையை அனுப்பவில்லை. 'கிடைத்தது என்ற பொருளிலேதான் இட்டேன்' என்பது அவர் வாதம். அக்குறி கையொப்பத்திற்கு ஈடானது என்று 2023-இல் தீர்ப்பாயிற்று. 82,000 கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு விதிக்கப்பட்டது. 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. கைநாட்டின் பெயரால் நிலம் இழந்த குடும்பங்களை அறிந்த நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

இனி நமக்கே உரிய ஒரு செய்தி. மேலதிகாரி இடும் சிரிப்புக்குறி பெருந்தன்மை எனப்படுகிறது. அதே குறியைக் கீழ்நிலையில் உள்ளவர் இட்டால் ஒழுங்கீனம் எனப்படுகிறது. தலைமுறை தலைமுறையாக அலுவலகம் கண்ட வீட்டுப் பிள்ளை இந்த வேற்றுமையை உணவு மேசையிலேயே கற்றுக்கொள்கிறான். முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்ற நம் பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. ஆதலால் சங்கம் சொல்லித்தர வேண்டும்.

அதனினும் முக்கியமான ஒன்று. 'மூன்று மாதச் சம்பளம் வரவில்லை' என்று எழுதிவிட்டு, அதன் அருகில் ஒரு சிரிக்கும் முகத்தை இடுகிறார்கள் நம் இளைஞர்கள். கேட்பவர் மனம் கோணக் கூடாதாம்! ஒரு காலத்தில் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கி நிற்க வைத்தார்களே, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? உரிமையைக் கேட்கும் வரிக்கு முற்றுப்புள்ளி ஒன்றே போதும். அது மரியாதைக் குறைவாகாது.

ஆகவே மாணவச் செல்வங்களே, விண்ணப்பத்திலும் முதற் கடிதத்திலும் முகக்குறி வேண்டாம். பழகியவர் இட்டால் அளவோடு நீங்களும் இடலாம். ஒப்பந்தத்திற்கும் ஆணைக்கும் சொல்லால் விடை எழுதுங்கள். முறையீட்டில் நாளும் தொகையும் இருக்கட்டும். சிரிப்பும் வேண்டாம், நான்கு வியப்புக்குறிகளும் வேண்டாம். நண்பர்களோடு மனம்போல் சிரியுங்கள். அலுவலகத்தில் நிமிர்ந்து எழுதுங்கள்.