ஊரில் ஒரு தாலி, இங்கே ஒரு தாலி
(மும்பையில் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'இந்து சமுதாயத்தில் திருமணம்' என்பது நமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. பெரிய தலைப்புத்தான். ஆனால் இது நம் வீட்டுச் செய்தி. ஊரில் ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்று வாழ்கிறவர்களை நாம் அறிவோம். ஊருக்குப் பணம் போவது நின்ற பிறகு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ரயிலேறி வந்து, நம் சந்துகளில் வீடு தேடி அலைந்த பெண்களையும் அறிவோம். அப்போதெல்லாம் 'அது அவங்க குடும்ப விஷயம்' என்று கதவைச் சாத்திக்கொண்டோமே, அதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

ஒருவனுக்கு ஒருத்தி என்பது நமது பழம்பெரும் பண்பாடு என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். கேட்க இனிக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லையே! தசரதனுக்கு எத்தனை மனைவியர்? நாம் கும்பிடும் முருகனுக்கு எத்தனை பேர்? மனுதர்மம் கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறது. பிள்ளை பெறாத மனைவி இருந்தால் எட்டாம் ஆண்டில் வேறொருத்தியைக் கட்டலாம். பிள்ளைகள் பிறந்து இறந்தால் பத்தாம் ஆண்டில். பெண்ணாகவே பெற்றால் பதினோராம் ஆண்டில். எதிர்த்துப் பேசினால் உடனே! எதிர்த்துப் பேசுகிற கணவனுக்கு என்ன விதி என்று தேடிப் பார்த்தால், அந்த ஏடு மட்டும் காலியாக இருக்கிறது.

இந்த வழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு வங்காளத்தைப் பாருங்கள். அங்கே குலீனப் பிராமணர்கள் என்று ஒரு பிரிவினர். அவர்களுக்குப் பெண் கொடுத்தால் குலம் உயரும் என்று பெண்ணைப் பெற்றவர்கள் பணமும் கொடுத்துத் தாரை வார்த்தார்கள். மாப்பிள்ளைக்கு அதுவே பிழைப்பாயிற்று. மனைவியர் தகப்பன் வீட்டிலேயே கிடப்பார்கள். கணவன் எப்போதாவது வருவான், வந்ததற்கும் பணம் வாங்குவான். அவன் ஒருவன் செத்தால் பல வீடுகளில் விதவைகள். ஈசுவர சந்திர வித்யாசாகர் இதைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று 1855இல் அரசுக்கு மனுச் செய்தார். 1871இல் வெளியிட்ட நூலில், யாருக்கு எத்தனை மனைவியர் என்று ஊர் வாரியாகப் பட்டியலே போட்டார். அதில் ஒருவருக்கு எண்பது மனைவியர்! வெள்ளைக்கார அரசு அசையவில்லை. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு மத விஷயத்தில் கைவைக்க அது அஞ்சியது.

ஆனால் அதே அரசு 1860இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டத்தில் 494ஆம் பிரிவு இருந்தது. கணவனோ மனைவியோ உயிரோடிருக்க, செல்லாத மறுமணம் செய்தால் ஏழாண்டுவரை சிறை. இந்து ஆணுக்கு இரண்டாம் திருமணம் செல்லும், பெண்ணுக்குச் செல்லாது. ஆகவே சிறை யாருக்கு? பெண்ணுக்கு மட்டும்! தோழர்களே, ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் இந்த நாட்டில் இப்படித்தான் நீதி நடந்தது.

இந்த அநீதியை முதலில் உடைத்த மாகாணங்களில் ஒன்று, நாம் பிழைக்க வந்த பம்பாய். 1946இல் இங்கே இருதார மணத் தடைச் சட்டம் வந்தது. பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்தவன் எல்லைக்கு வெளியே போய்க் கட்டினாலும் செல்லாது என்று அப்போதே எழுதி வைத்தார்கள். 1949இல் சென்னை மாகாணமும் சட்டம் செய்தது. பம்பாய்ச் சட்டத்தை எதிர்த்து, 'ஆண் பிள்ளை இல்லாவிட்டால் நற்கதி இல்லை. ஆகையால் இரண்டாம் மனைவி எங்கள் மத உரிமை' என்று நீதிமன்றத்தில் வாதாடினார்கள். 1951இல் நீதிபதிகள் சக்ளாவும் கஜேந்திரகட்கரும் அதை ஏற்கவில்லை. பிள்ளை வேண்டுமானால் தத்தெடுக்க வழியிருக்கிறதே என்று சுட்டிக்காட்டினார்கள். அதே 1951இல், இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கிடப்பில் போடப்பட்டதைக் கண்டித்து அண்ணல் அம்பேத்கர் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1955இல்தான் இந்துத் திருமணச் சட்டம் வந்து, நாடு முழுவதும் இந்துக்களுக்கு ஒருதார மணம் விதியாயிற்று.

சட்டம் வந்தது, அதில் ஓட்டையும் வந்தது. மகாராட்டிரத்தில் ஒருவன் 1962இல் முதல் மனைவி இருக்க இன்னொருத்தியைக் கட்டினான். மாலை மாற்றினார்கள், தேங்காய் உடைத்தார்கள், நெற்றியோடு நெற்றி தொட்டார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. அக்கினி வளர்க்கவில்லை, ஏழடி வைக்கவில்லை. ஆகவே அது திருமணமே அல்ல, திருமணமே அல்லாதபோது இருதார மணக் குற்றம் ஏது என்று 1965இல் அவனை விடுவித்தார்கள். அரைகுறைச் சடங்கு செய்தவன் தப்பினான். முதல் மனைவிக்கு நீதி இல்லை. இரண்டாமவளுக்கு மனைவி என்ற பெயரும் இல்லை!

தமிழ்நாட்டில் இந்த ஓட்டை வேறு வழியாக அடைபட்டது. 1967இல் அண்ணா அரசு சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்க 7-ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். புரோகிதரை விலக்க வந்த சட்டம் பின்னாளில் ஒரு முதல் மனைவிக்கும் கைகொடுத்தது. 1984இல் திருத்தணியில் இரண்டாம் தாலி கட்டிய ஒருவர், ஏழடி வைக்கவில்லை என்று வாதாடினார். 7-ஏ இருக்கும்போது ஏழடி எதற்கு என்று 2001இல் உச்சநீதிமன்றம் கேட்டுவிட்டது. வள்ளி மணம் புரிந்த தலம் என்று சொல்லப்படுகிற ஊரில் கட்டிய தாலி அது!

இதில் நமக்கொரு எச்சரிக்கையும் உண்டு. 7-ஏ தமிழ்நாட்டுக்கான திருத்தம். மும்பை மண்டபத்தில் மாலை மாற்றிப் படம் எடுத்துக்கொண்டால் மட்டும் போதாது. இங்கே சடங்கில்லாத் திருமணம் செய்பவர்கள் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். சடங்கோடு செய்பவர்களும் பதிவை விட்டுவிடக் கூடாது. எல்லாத் திருமணங்களுக்கும் பதிவு வேண்டுமென்று உச்சநீதிமன்றம் 2006இல் சொல்லிவிட்டது. நாளைக்கு 'இவள் யாரென்றே தெரியாது' என்று அவன் கைவிரிக்கும்போது, அந்தக் காகிதம்தான் அவளுக்காகப் பேசும்.

பலதார மணம் என்றதும் அடுத்த மதத்தைச் சுட்டிக்காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கணவனுக்கு வேறு மனைவியும் உண்டு என்று சொன்ன பெண்கள் முஸ்லிம்களில் 1.9 விழுக்காடு, இந்துக்களில் 1.3 விழுக்காடு. பெரிய வேற்றுமை இல்லை. நம் முதுகை நாம் பார்ப்போம்.

இரண்டாவதாக வந்தவளை ஏசுவதும் நியாயமல்ல. முதல் திருமணத்தை மறைத்து ஏமாற்றியவன் அவளுக்கும் ஜீவனாம்சம் தர வேண்டுமென்று 2013இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவள் பெற்ற பிள்ளைகள் முறையான வாரிசுகளே என்று 1976இல் சட்டம் திருத்தப்பட்டது. தாய் தகப்பன் சொத்தில் அவர்களுக்குப் பங்குண்டு என்பதை 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு உறுதி செய்தது. பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

தோழர்களே! இரண்டாம் திருமணக் குற்றத்துக்கு இன்றும் ஏழாண்டுவரை சிறை உண்டு. முதல் திருமணத்தை மறைத்துச் செய்தால் பத்தாண்டுவரை. ஆனால் பாதிக்கப்பட்ட மனைவியோ அவளுடைய நெருங்கிய உறவினரோ புகார் கொடுத்தால்தான் வழக்கு நடக்கும். ஊரில் இருக்கும் அவளுக்கு இங்கே நடப்பதை யார் சொல்வது? மாலை வாங்கிக் கொடுத்தவர் நாம். பந்தியில் உட்கார்ந்தவர் நாம். தெரிந்தும் சொல்லாதவரும் நாம்.

இனி இப்படிச் செய்வோம். பெண் கேட்டு வருகிற பையனின் ஊருக்கு ஆள் அனுப்பி விசாரிப்போம். பதிவுக்குச் சம்மதிக்காத திருமணத்துக்குச் சங்க மண்டபம் இல்லை என்போம். தேடிவரும் பெண்ணுக்கு முகவரி சொல்வோம். தங்க இடம் கொடுப்போம். வழக்குக்குச் சாட்சி சொல்வோம்.

சட்டத்தைப் பெறவே தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. அதை நம் சந்துக்குள் கொண்டுவர இன்னொரு தொண்ணூறு ஆண்டு வேண்டாம்.