அன்றாடக் கணக்குக்கு வட்டியா முக்கியம்?



எதிரணியினர் வட்டியைப் பற்றியே பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார்கள். சம்பளம் வந்து விழுந்து, வாடகையும் மின்கட்டணமும் ஜைரோவில் கழிந்து, மிச்சத்தை ஏடிஎம்மில் எடுக்கும் கணக்குக்கு வட்டியா அளவுகோல்? சிங்கப்பூரின் பெரிய உள்ளூர் வங்கிகளில் சாதாரணக் கணக்கின் அடிப்படை வட்டி ஆண்டுக்கு 0.05 விழுக்காடு. 500 வெள்ளிக்கு ஓராண்டில் 25 காசு! கூடுதல் வட்டி தரும் கணக்குகள் உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் அட்டையில் மாதம் 500 வெள்ளி செலவு செய், அப்போதுதான் தருவேன் என்கிறது வங்கி. வட்டிக்காகச் செலவு செய்வது எந்த ஊர் சிக்கனம்?

போகிற பணத்தைப் பாருங்கள். துப்புரவு வேலை செய்யும் ஒரு தாய்க்கு மாதம் 1,800 வெள்ளி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுநாளே 1,500 கழிந்துவிடும். மீதி 300. அதை அவர் மாதக் கடைசிவரை தொடாமலே வைத்திருந்தாலும், 30 நாள் சராசரி இருப்பு 350 வெள்ளிதான். வங்கி பார்ப்பது இந்தச் சராசரியை. சம்பள நாளன்று இருந்த 1,800-ஐ அல்ல. பிஓஎஸ்பியின் சேமிப்புப் புத்தகக் கணக்கில் சராசரி 500-க்குக் கீழே போனால் மாதம் 2 வெள்ளி கட்டணம். வேறு சில கணக்குகள் 1,000, ஏன் 3,000 வெள்ளிகூடக் கேட்கின்றன. மாதம் 2 என்றால் ஆண்டுக்கு 24. பிள்ளைக்கு ஒரு சோடி பள்ளிக் காலணி வாங்கலாம். இருப்பவருக்கு இந்தக் கட்டணமே கிடையாது, இல்லாதவர் கட்டுகிறார்!

குறைந்தபட்ச இருப்பே கேட்காத கணக்குகளும் இருக்கின்றன. முகப்பில் கேட்டால்தான் சொல்வார்கள்.

பாதுகாப்பு? 2024 ஏப்ரல் முதல் வைப்புத்தொகைக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 100,000 வெள்ளிவரை உண்டு. 300 வெள்ளிக்காரர் அதை நினைத்துத் தூக்கம் கெடவேண்டாம். அவருக்கு வேண்டியது வீட்டுக்குக் கீழே ஏடிஎம். ஓசிபிசி, யுஓபி வாடிக்கையாளர்கள் ஒருவர் வங்கியின் இயந்திரத்தில் மற்றவர் பணம் எடுக்கலாம். அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

காசோலைப் புத்தகத்துக்காக நடப்புக் கணக்கு திறப்போரும் உண்டு. அதற்கு இருப்பும் பொதுவாக அதிகம் வேண்டும். 2023 நவம்பர் முதல் பெரிய வங்கிகள் காசோலைக்கே கட்டணம் வாங்குகின்றன. 2017-இல் பேநவ் வந்தபின், கைப்பேசி எண் தெரிந்தால் பணம் போய்ச் சேர்கிறது. பிறகு அந்தப் புத்தகம் எதற்கு?

தீர்ப்பு உங்கள் கையில், நடுவர் அவர்களே.